இருநூறு வட்டங்கள்

மே 6, செவ்வாய்

ஜெபக்கனி சிஸ்டர் இந்த நோட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வீட்டுக்கே வந்து பார்க்கிற நர்ஸ், பாளையங்கோட்டைக்காரர். இனி செவ்வாய்க்கிழமைதோறும் வருவாராம். எத்தனை மணிக்கு எந்த மாத்திரை, வலி பத்துக்கு எத்தனை, தூங்கினாளா, வயிறு போனதா, எல்லாம் எழுத வேண்டுமாம். "வேற என்ன தோணுனாலும் எழுதுங்க அண்ணாச்சி, எடம் நெறையக் கெடக்கு" என்றார். இருபத்தெட்டு வருஷமாகத் தென்காசி டிப்போவில் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு எழுதிய கை இது. எனக்கா எழுதத் தெரியாது?

பெயர் உலகம்மாள். வயது 26. என் ஒரே மகள். நோய் குடலில் ஆரம்பித்து ஈரலுக்குப் போய்விட்டது. திருநெல்வேலி டாக்டர் இனி ஊசி மருந்து பலிக்காது, வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாம், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார். கொஞ்சம் தேறட்டும் என்றுதான் அனுப்பியிருப்பார் என்பது என் எண்ணம். என் மனைவி ஆவுடை அப்படி நினைக்கவில்லை.

சிஸ்டர் கிளம்பும்போது உலகிடம் கேட்டார். "ஒனக்கு இப்போ என்ன செய்யணும்னு இருக்கு?"

அவள் யோசிக்கவே இல்லை. "ஜூன் பதினஞ்சு குரூப் ஃபோர் பரீச்ச. நாலு வருசமாப் படிக்கேன். போயி எழுதணும் சிஸ்டர்."

இந்த உடம்போடா, பேசாமல் படு என்று அதட்டுவார் என்று பார்த்தேன். அவரோ பேனாவைத் திறந்து, "எத்தன மணிக்குப் பரீச்ச?" என்று கேட்டார். நான் அசந்துபோனேன்.

சர்க்கார் வேலைக்கான ஆர்டர் கையில் வந்துவிட்டால் பாதி நோய் ஓடிவிடும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மே 7

6, 10, 2, 6, 10: வலி மாத்திரை. வலி 3. வயிறு போகவில்லை. கீரை சாப்பிட்டாள், என்னைத் திட்டிக்கொண்டே.

மே 10, சனி

சாயங்காலம் நாலு மணிக்கு வாசல் முழுக்கச் செருப்பு. உலகோடு நூலகத்துச் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து படிக்கிற கூட்டம். ஒரு மாதமாக இவளால் அங்கே போக முடியவில்லை. அதனால் அவர்கள் இங்கே வந்துவிட்டார்கள். ஒரு போன் போட்டுவிட்டு வரவேண்டாமா என்றேன். ஆவுடை முறைத்தாள்.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்களை எனக்குத் தெரியும். ஆப்பிள், ஹார்லிக்ஸ், இழவு வீட்டு முகம். இதுகள் ஒரு ஆப்பிள்கூடக் கொண்டுவரவில்லை. பழைய வினாத்தாள் கட்டுத்தான் கொண்டுவந்தன. மாரித்தங்கம் என்கிற பெண் கட்டிலிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, "ஏளா, இந்த ஆள், நாள் கணக்கு மட்டும் எனக்கு வரவே மாட்டேங்கு" என்றாள்.

"ஒனக்கு எதுதான் வந்துச்சு, இது வர?" என்றாள் என் மகள். எல்லாரும் சிரித்தார்கள்.

பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல உட்கார முடியாதவள் ஒன்றேகால் மணி நேரம் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். குரல் சிறுத்துவிட்டது. அதற்கேற்ப அந்தப் பிள்ளைகள் கட்டிலை நெருங்கி நெருங்கி உட்கார்ந்தார்கள். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே நிற்கவேண்டும் போல இருந்தது. நடுவில் போய் வலி எத்தனை என்று கேட்டேன். "ரெண்டுப்பா, போங்க" என்றாள். முகத்தைப் பார்த்தால் ஐந்து. இரண்டையும் எழுதியிருக்கிறேன்.

மே 13, செவ்வாய்

பரீட்சை காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை. பத்து மணி மாத்திரை நட்டநடுவில் விழுகிறது. சிஸ்டர் தன் டாக்டரிடம் போனில் பேசினார். ஜூன் மாதம் பிறந்ததும் ஐந்து நாள் தினமும் கால் மணி நேரம் முன்னால் தள்ளினால் பரீட்சையன்று எட்டே முக்காலுக்கு ஒன்று, வெளியே வந்ததும் ஒன்று. இடையில் வலி மீறினால் போட்டுக்கொள்ள ஒன்று தனியாகப் பையில்.

எங்கள் டிப்போவில் ஒரு டவுன் பஸ்ஸின் நேரத்தைப் பத்து நிமிஷம் மாற்ற ஆறு மாதம் ஆனது. இந்த அம்மா பாயில் உட்கார்ந்தபடி ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

மே 18, ஞாயிறு

வீட்டில் மாதிரிப் பரீட்சை. நான்தான் ஹால் சூப்பர்வைசர். பீர்முகம்மது பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தான். பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவன், நல்ல பையன்தான். இருந்தாலும் விடவில்லை. "ஏலே, அடுத்த ஸ்டாப்புல எறக்கி விட்ருவேன்" என்றேன்.

காலை 10 மணி மாத்திரை: கொடுக்கவில்லை. காரணம்: நான் ஒரு மடையன்.

அந்த மாத்திரை போட்டால் அரை மணி நேரம் அவளுக்குக் கண் சொருகுகிறது. பரீட்சையில் கண் சொருகினால் போச்சே. ஒரு வேளை நிறுத்தித்தான் பார்ப்போமே என்று, அவளிடம் சொல்லாமல் சத்து மாத்திரையைக் கொடுத்தேன். பதினொன்றேகால் வரை எழுதினாள். அப்புறம் பேனாவை வைத்துவிட்டுத் தலையணையைக் கடித்தாள். பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஆவுடை மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. வலி 9.

அடங்கியபிறகு உலகு சொன்னாள். "எப்பா, பரீச்ச எழுதப்போறது நான்லா? ஒங்களுக்கு என்னத்துக்கு இவ்வளவு அவசரம்?"

நான் மாடிக்குப் போய்த் துணி காயப்போடுகிற கயிற்றை அவிழ்த்து இழுத்துக் கட்டினேன். அது முன்பும் நன்றாகத்தான் இருந்தது.

மே 20, செவ்வாய்

சிஸ்டர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டார். "டிரைவருக்குக் கண்ணு சொருகுதுன்னா பஸ்ஸோட பிரேக்கக் கழத்தி வச்சிருவியளா அண்ணாச்சி?" என் வாயை அடைக்க ஆள் பிறக்கவில்லை என்று டிப்போவில் சொல்வார்கள். பிறந்திருக்கிறது, பாளையங்கோட்டையில்.

அப்புறம் வெளியே படியில் வைத்து, "பயமா இருக்கா?" என்றார். எனக்கென்ன பயம் என்றேன். அவர் என் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இன்னும் நாலு வீடு போகவேண்டிய மனுஷி. எதற்கு உட்கார்ந்திருந்தார் என்று தெரியவில்லை.

மே 24, சனி

மாரித்தங்கம் இன்று தன் கதையைச் சொன்னாள். போன தடவை அவளுக்கு ஒரே ஒரு இடத்தில் வேலை கைநழுவிப் போய்விட்டது. அவளுக்கு முந்தின ஆளோடு இடங்கள் தீர்ந்துவிட்டன. அந்த முந்தின ஆள் வேலையை எடுத்துக்கொண்டு, சேராமலே இருந்துவிட்டானாம்.

"அந்த நாக்காலி ஒரு வருசமாச் சும்மா கெடந்துச்சு மாமா. ஒருநாள் நான் அந்த ஆபீசுக்கே போயி அதப் பாத்துட்டு வந்தேன்" என்றாள்.

அந்தப் படுபாவியை வாய்க்கு வந்தபடி ஏசினேன். பிள்ளைகளுக்கும் அது பிடித்திருந்தது. உலகு மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எல்லாரும் போனபிறகும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலியா என்றால் இல்லை என்கிறாள். 3 என்று போட்டிருக்கிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

வயிற்றில் நீர் கோத்துவிட்டது. டாக்டர் வந்து எடுத்தார். கண் மஞ்சள். கால் வீக்கம். பீர்முகம்மது ஹால் டிக்கெட்டை அச்செடுத்துக்கொண்டு வந்தான்.

ஆவுடை அழுதுவிட்டாள். "இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு வேண்டாம் தாயி."

"எம்மா, எனக்கு முன்னால தேதி உள்ளது இது ஒண்ணுதான். இதையும் எடுத்துராத" என்றாள் உலகு.

ரசம் கொதித்துப் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

ஜூன் 9

நேரம் மாற்றியாயிற்று. வலி 4. கை நடுங்குகிறது. டம்ளரை நான்தான் பிடித்தேன். மூன்று மணி நேரம் பேனாவை எப்படிப் பிடிப்பாள்?

ஜூன் 15, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எட்டே முக்காலுக்கு மாத்திரை. கொடுத்தேன், ஆவுடை சாட்சி. ஜெபக்கனி சிஸ்டர் தன் ஸ்கூட்டரில் பரீட்சை நடக்கிற பள்ளிக்கூட வாசலுக்கே வந்து நின்றார். "ஞாயித்துக்கெழம ஒங்களுக்குக் கோயில் இல்லியா?" என்றேன். "அவரு ஒருவாரம் கோவிச்சுக்கிட மாட்டாரு" என்றார். டாக்டர் கடிதம் கொண்டுவந்திருந்தார். கீழ்த்தளத்தில் அறை, உட்காரத் தலையணை, மாத்திரை, தண்ணீர், எல்லாவற்றுக்கும் பரீட்சை நடத்துகிற பெரிய மேடம் தலையாட்டினார்.

தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். "ஹால் டிக்கெட் இருக்கவங்கதான்பா உள்ள போகணும்" என்று சிரித்தாள். கேட்டிலிருந்து அறை வாசல் வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இரண்டு இடத்தில் நின்றாள். இரண்டு முறையும் என் கால் தானாக முன்னே போய்விட்டது. சிஸ்டர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

வெளியே வெயில். பரீட்சை எழுதுகிற பெண்களின் புருஷன்மார் கைக்குழந்தைகளோடு நின்றார்கள். ஒருத்தனுடைய குழந்தை வீல் வீல் என்று கத்தியது. ஆவுடை போய் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டது. அதன் அம்மா வெளியே வரும்வரை ஆவுடை திருப்பிக் கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்குக் கூட்டம் வெளியே வந்தது. எங்கள் பிள்ளையைக் காணோம். கேட்டுக் கம்பி வழியாக எட்டி எட்டிப் பார்த்தேன். கடைசி ஆளாக, அறைக் கண்காணிப்பாளர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். விரலெல்லாம் கறுப்பு மை. மார்போடு வினாத்தாள்.

"இருநூறு கேள்விக்கும் வட்டத்தக் கறுப்பாக்கிட்டேம்பா. ஒண்ணு விடல."

ஆட்டோவில் வாந்தி எடுத்தாள். வலி 7. வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். அண்டாவோடும் ஆட்டோடும் பஸ்ஸில் ஏறி, சண்டை போட்டு, பிள்ளையும் பெற்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன். இவளை மாதிரி ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. இவள் எனக்குப் பிறந்தவள்தானா? ஆவுடையிடம் கேட்டால் அடிப்பாள்.

அதே நாள், சாயங்காலம்

தனியார் பயிற்சி மையம் ஒன்று போனில் விடைகளை வெளியிட்டுவிட்டது. விடைத்தாளை அங்கேயே வாங்கிக்கொள்வார்கள், வினாத்தாள் நம் கையில் இருக்கும். அதில் அவள் டிக் அடித்திருந்ததை வைத்துப் பார்த்தோம். மாரித்தங்கம் விடையை வாசிக்க, பீர்முகம்மது சரி பார்த்தான். நூற்றெழுபத்தொன்பது! இருநூற்றுக்கு நூற்றெழுபத்தொன்பது! நான் தெருவில் இறங்கிச் சொன்னேன். மேலத்தெரு வரை கேட்டிருக்கும். டிப்போவுக்கும் போன் போட்டேன்.

உள்ளே வந்தால் உலகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மார்க்கு ஒங்களுக்குப் போதுமாப்பா?"

"போதுமாவா? தாலுகா ஆபீஸ்ல ஃபேனுக்கடியில உக்காரப்போற நீ!"

"எனக்குப் போதும்" என்றாள். அப்படியே தூங்கிவிட்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

ஆர்டர் வர எத்தனை மாதம் ஆகும் என்று சிஸ்டரிடம் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, மாசக் கணக்கு வேண்டாம். இன்னைக்கு அவ என்ன கேக்காளோ, அதச் செய்யுங்க" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

உலகு பதநீர் கேட்டாள். சீசன் முடிகிற நேரம். சுரண்டை வரை போய் வாங்கிவந்தேன். இரண்டு மடக்கு குடித்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

பரீட்சை முடிந்தும் பிள்ளைகள் நாலு மணிக்கு வருகிறார்கள். அடுத்த பரீட்சை இருக்கிறதாம். உலகால் பேச முடியவில்லை. அவர்கள் கேள்வியை வாசிக்கிறார்கள். முதல் விடை என்றால் ஒரு விரல், இரண்டாவது என்றால் இரண்டு விரல் தூக்குகிறாள். பீர்முகம்மது தப்பாகச் சொன்னான். கண்ணைத் திறக்காமலே மூன்று விரலைக் காட்டினாள். மூன்றுதான் சரி. அவன் எழுந்து பின்கட்டுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

ஜூலை 15

"நான் இல்லாட்டாலும் நாலு மணிக்குக் கதவத் தெறந்து வைங்கப்பா."

சரி என்றேன்.

ஜூலை 22, செவ்வாய்

மாத்திரை விழுங்க முடியவில்லை. சிஸ்டர் தோலுக்கடியில் ஊசி போட்டார். பஞ்சை நனைத்து உதட்டில் வைக்க ஆவுடைக்குச் சொல்லிக்கொடுத்தார். காலைப் பிடித்துவிட எனக்கு. வலி 0.

ஜூலை 23, புதன்

பகல் 11.20.

மாத்திரை: இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நோயாளி இல்லாத வீட்டுக்கு சிஸ்டர் வந்தார். "ஒங்க ரெண்டு பேரையும் பாக்கத்தான்" என்றார். ஆவுடை அவர் மடியில் படுத்து அழுதாள். நான் வலி மாத்திரைகளில் மீந்ததைத் திருப்பிக் கொடுத்தேன். நோட்டை அவர் திருப்பிக் கேட்கவில்லை.

வேலைக்குத் திரும்பிவிட்டேன். நாலு மணிக் கூட்டம் வருகிறது. ஆவுடை தேயிலை போட்டுக் கொடுக்கிறாள்.

ரிசல்ட் அக்டோபரில் என்கிறார்கள். ஆர்டர் வந்தாலும் வாங்க ஆளில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் பட்டியலில் அவள் பெயர் வருமே. தேர்ச்சி என்று எழுதி, பக்கத்தில் உலகம்மாள் என்று. அந்த ஒரு தாள் போதும். கண்ணாடி போட்டு மாட்டிவைப்பேன். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

அக்டோபர் 24, வெள்ளி

ரிசல்ட் வந்துவிட்டது. மாரித்தங்கத்துக்கு நல்ல இடம், வேலை உறுதி. பீர்முகம்மதுவுக்குக் கிடைக்காது.

உலகு எண் இல்லை. மூன்று முறை தேடினோம். இல்லவே இல்லை.

நூற்றெழுபத்தொன்பது வாங்கியவள் எண் எங்கே போகும்? மெஷின் தப்புப் பண்ணியிருக்கிறது. செத்தவள்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்களா? நான் கேட்பேன். சென்னைக்குப் போய் அந்த ஆபீஸ் வாசலில் உட்காருவேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. ஆவுடை சாப்பிடவில்லை.

அக்டோபர் 25, சனி

சண்டைக்குப் போகுமுன் விடைத்தாளைப் பார்த்துவிடலாம் என்றான் பீர்முகம்மது. ஒவ்வொருவர் விடைத்தாளையும் படமெடுத்துப் போட்டிருக்கிறார்களாம். அவள் விண்ணப்பத்தை அனுப்பியவன் அவன்தான், எண்ணெல்லாம் அவனிடம் இருந்தது. பிரவுசிங் சென்டரில் நானும் மாரித்தங்கமும் அவனுக்குப் பின்னால் நின்றோம்.

தாள் திறந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து வட்டம். நாலு வட்டம் நாலு விடைக்கு. ஐந்தாவது வட்டம், விடை தெரியாதவர்களுக்கு. அந்த வரிசைக்கு 'விடை தெரியவில்லை' என்று பெயர்.

இருநூறு கேள்விக்கும் ஐந்தாவது வட்டத்தைத்தான் கறுப்பாக்கியிருந்தாள்.

தாளின் கடைசியில், எந்த வட்டம் எத்தனை என்று எழுதுகிற கட்டங்கள். முதல் நாலிலும் சைபர். ஐந்தாவதில் இருநூறு. அவள் கையெழுத்து.

மாரித்தங்கம் வாயைப் பொத்திக்கொண்டாள். "மாமா, அவ நாக்காலிய யாருக்கோ விட்டுட்டுப் போயிட்டா" என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பொய் சொல்லக்கூடாது. செத்துப்போன பிள்ளை மேல் கோபம். எனக்கென்று ஒரே ஒரு தாள் கேட்டேனே, அதைக்கூட யாரோ ஒருவருக்குக் கொடுத்துவிட்டாளே பாவி மகள். அந்த வேலையில் தான் சேரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஊரெல்லாம் கத்திக்கொண்டு அலைந்த எனக்குத்தான் தெரியவில்லை. எனக்காகத்தான் வினாத்தாளில் டிக் அடித்திருக்கிறாள். அவ்வளவு வலியில் இரண்டு பரீட்சை எழுதியிருக்கிறாள், ஒன்று எனக்கு, ஒன்று பெயர் தெரியாத ஒரு பிள்ளைக்கு. அந்தப் பிள்ளை எந்த ஊரோ, என்ன சாதியோ. இப்படி ஒன்று நடந்தது என்று அதற்குத் தெரியவே போவதில்லை. பிரவுசிங் சென்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "எம்புட்டு மார்க்கு?" என்றாள் ஆவுடை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். விரல் வைத்து மேலிருந்து கீழே ஒவ்வொரு வட்டமாகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஒண்ணுகூடக் கோட்டத் தாண்டலங்க" என்றாள்.

நானும் பார்த்தேன். தாண்டவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

செங்கோட்டை டிரிப். வண்டியை எடுக்குமுன் டிரைவர் சங்கரபாண்டியன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ரிசல்ட் வந்துட்டாமே குத்தாலிங்கம். பாப்பாவுக்கு என்ன மார்க்கு?"

"இருநூத்துக்கு சைபர்" என்றேன்.

பஸ் முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னேன்.